எட்டாவது நாற்காலி

காலை ஒன்பது மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்கியிருக்க வேண்டிய மருந்துக்கடைக்காரர், அன்றைக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தார். ஒரு கையில் டார்ச் லைட், இன்னொரு கையில் போன். போனில் ஓடிய வீடியோவில் யாரோ ஒருவர், பழைய மரச்சாமானை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று தொண்டை வறள விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக இந்த வீட்டில் இதே கூத்துதான் நடக்கிறது.

"டீய மேல வைக்கட்டுமா, இல்ல கீழயே நீட்டட்டுமா?" என்று கேட்டாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். இன்றைக்கு மதிப்பு போட ஆள் வருகிறார் என்பதால் லீவு போட்டிருந்தாள்.

"இங்க குனிஞ்சு பாரேன். ரம்பம் போன கோடு தெரியுதா? நேரா இல்ல, கோணல்மாணலா இருக்கு. கையால அறுத்தது. மெஷின்ல அறுத்திருந்தா அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு ஒட்டடைதான் தெரியுது."

"உனக்கு ஒட்டடைதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தார். எந்தக் காலில் எத்தனை மர ஆணி அடித்திருக்கிறது, எந்தப் பலகைக்குப் பக்கத்தில் எந்தப் பலகை சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இப்போது அவருக்கு மனப்பாடம். தன் கடையில் எந்த மாத்திரை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதில்கூட அவ்வளவு தெளிவு கிடையாது.

நீள்வட்ட மேஜை ஒன்று, நாற்காலிகள் எட்டு. மூடப்போன ஒரு பழைய கிளப்பில் ஏலம் விட்டபோது அவருடைய அம்மா வாங்கியது. அம்மா தையல்காரி. பத்து வருஷம் ஊருக்கெல்லாம் சட்டை தைத்துச் சேர்த்த பணத்தில், வீட்டில் யாரையும் கேட்காமல் போய் ஏலத்தில் கையைத் தூக்கிவிட்டு வந்தவர். எட்டு நாற்காலிகளில் ஏழு சாதாரணமானவை. எட்டாவதற்கு மட்டும் இரண்டு பக்கமும் கைகள் உண்டு, மேஜையின் தலைமாட்டில் போடுவது. வாங்கிய நாளிலிருந்து அம்மா அதில்தான் உட்கார்ந்தார். இப்போது ஒன்றரை வருஷமாக அது அம்மாவின் அறையில் இருக்கிறது.

அம்மாவுக்கு நினைவு கழன்றுகொண்டே வந்தது. முதலில் சாவி, பிறகு தெருப்பெயர், பிறகு மகனின் முகம். நடுவில் ஒரு தடவை தனியாக எழுந்து நடந்து விழுந்தார். பகல் முழுக்கக் கூடவே இருக்க ஓர் ஆயாம்மாவை வைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும், வாய் அதிகம் பேசாத மனுஷி. அவர் வந்து சில மாதத்தில் அம்மா இன்னொரு தடவை விழுந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை என்று மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

ஆனால் கடைக்கு எதிரே பெரிய மருந்துக்கடை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் எடை பார்க்கும் மெஷின். இவருடைய வியாபாரம் பாதியாகப் படுத்துவிட்டது. ஆயாம்மாவின் சம்பளத்துக்கே இழுபறி. அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓத ஆரம்பித்தார்கள்.

"மேஜை நாற்காலி போனாலும் போகட்டும், எங்கம்மா என் வீட்லதான் இருப்பாங்க" என்று எல்லோர் முன்னாலும் அவர் அறிவித்துவிட்டார். பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவரைக் காட்டிப் பேசினார்கள். நாலு பேர் நாற்பது தடவை சொன்னதும் அவரும் அதை நம்பிவிட்டார். மேஜை அம்மாவுடையதாயிற்றே, விற்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது என்று இருந்துவிட்டார்.

பத்து மணிக்கு மதிப்பு போடும் அம்மாள் வந்தார். பழம்பொருள் வியாபாரத்தில் எல்லோரும் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயது, ஒட்ட வெட்டிய முடி, தோளில் ஒரு கித்தான் பை. அதில் கண்ணாடி, சின்ன தூரிகை, இடுக்கி, அளவு நாடா. யார் வீட்டுக்குப் போனாலும் வேலை முடியும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் விலையில் தயவு காட்ட வேண்டி வருமாம்.

கூடத்துக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேஜை முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது. ஏழு நாற்காலிகளும் புது மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஐயையோ! யார் சார் இத இப்படிப் பண்ணினது?"

மருந்துக்கடைக்காரருக்கு அந்த 'ஐயையோ' பாராட்டாகத்தான் காதில் விழுந்தது. "ரெண்டு வாரம் முன்னாடி ஆள விட்டு, நல்லா இழைச்சு, பாலிஷ் போட வெச்சேன் மேடம். மூணு நாள் வேலை. எப்படி இருக்கு?"

"குளிப்பாட்டச் சொன்னா தோலையே உரிச்சு வெச்சிருக்கீங்க!" பூதக்கண்ணாடி பையைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பழைய சாமானுக்கு எதுக்கு சார் காசு குடுக்கறாங்க? நூறு வருஷமா ஆளுங்க உக்காந்து, சாஞ்சு, கை வெச்சுத் தேஞ்ச தேய்மானத்துக்குத்தான். அத ஒரு உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துட்டு, மேல வார்னிஷ் பூசி வெச்சிருக்கீங்க. இப்ப இதுக்கும் கடையில நிக்கற புது மேஜைக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப விலை?"

"இழைக்காம இருந்தா என்ன கிடைச்சிருக்குமோ, அதுல மூணுல ஒரு பங்கு. அதுவும் வாங்கறவன் நல்ல மனசோட இருந்தா."

மருந்துக்கடைக்காரருக்குப் பகீரென்றது. ஒரு மாதம் படுத்துப் புரண்டு படித்த பாடத்தில் இந்த ஒரு பாடத்தை மட்டும் அவர் பார்க்காமல் விட்டிருந்தார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் வார்னிஷே உரிந்திருக்கும். பாலிஷ் போட்டவனுக்குக் கூலி கொடுத்தது வேறு அவளுடைய சம்பளத்திலிருந்து.

பூதக்கண்ணாடி மேஜைக்கு அடியில் புகுந்தார். அங்கே மட்டும் இழைப்புளி போயிருக்கவில்லை. மர ஆணிகளைத் தடவிப் பார்த்தார். இரண்டு பலகைகள் கோத்துக்கொள்ளும் இடத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "அடி நிஜம்தான். பிரமாதமான வேலை. ஆனா நாளைக்கு வாங்கறவன், பழைய அடியில புது மேல்பலகைய வெச்சு ஏமாத்தறீங்கன்னு சொல்லுவான். நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னா, இதே செட்டுல கை வைக்காத உருப்படி ஒண்ணாவது வேணும். ஏதாவது மிஞ்சியிருக்கா?"

"இருக்கு!" மருந்துக்கடைக்காரர் கிட்டத்தட்டத் துள்ளிவிட்டார். "எட்டாவது நாற்காலி! அம்மா ரூம்ல இருக்கு. அத மட்டும் பாலிஷுக்கு எடுக்கல. ஆயாம்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்க. மூணு நாள் அம்மாவ எங்க உக்கார வைக்கிறதுன்னு கேட்டாங்க."

"அந்த ஆயாம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுங்க. எடுத்துட்டு வாங்க."

அவர் அறைக்குப் போனார். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வரை மூடிய நீளக்கை நைட்டி. ஆயாம்மா தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியவர், அவர் நாற்காலியின் பக்கம் போவதைப் பார்த்ததும் முன்னால் வந்து நின்றார்.

"அது எதுக்கு சார்? ஒரே அழுக்கு. நாளைக்கு நான் நல்லாக் கழுவித் துடைச்சுக் குடுக்கறேன்."

"தாயே, கழுவிடாதீங்க! இப்போதைக்கு அந்த அழுக்குதான் காசு" என்று சிரித்தார் மருந்துக்கடைக்காரர். ஆயாம்மா சிரிக்கவில்லை. ஒரு நொடி வழியை விடாமல் நின்றார், பிறகு ஒதுங்கினார். அம்மா ஏதோ முனகினார். "இதோ, அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடறேம்மா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பூதக்கண்ணாடியின் முகம் மலர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். "அப்பா! இது, இதுதான் சார் நான் கேட்டது. இந்தக் கீழ்ச்சட்டத்தப் பாருங்க, நடுவுல குழிஞ்சிருக்கு. கால வெச்சு வெச்சுத் தேஞ்சது. முதுகுச் சட்டத்து மேல பாருங்க, நாற்காலிய இழுக்கக் கை வைக்கிற எடம் மட்டும் கறுத்து மழமழன்னு இருக்கு. நூத்திப் பத்து வருஷம் நிச்சயம். ஒரே பட்டறை, ஒரே மரம். இது ஒண்ணு போதும், உங்க மொத்த செட்டும் நிஜம்னு நான் எழுதிக் குடுத்துடுவேன். விலையும் பாதிக்கு மேல திரும்பிடும்."

மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் வந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஆயாம்மாவின் சம்பளத்துக்குக் கவலை இல்லை. அம்மா வீட்டிலேயே இருக்கலாம். அவர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவளும் கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தாள்.

அதற்குள் பூதக்கண்ணாடியின் கை நின்றுவிட்டது. நாற்காலியின் வலது கைச் சட்டத்தில் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். இடது கைக்குப் போனார். திரும்ப வலது கைக்கு வந்தார். பிறகு மண்டியிட்டு முன்னங்கால்களைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏன் மேடம், டூப்ளிகேட்டா?" என்று பதறினார் மருந்துக்கடைக்காரர்.

"இதுல யார் சார் உக்கார்றாங்க?"

"எங்கம்மா."

"அவங்க மட்டும்தானா?"

"ஒன்றரை வருஷமா அவங்க மட்டும்தான். ஏன்?"

பூதக்கண்ணாடி எழுந்தார். "நான் சாமானுக்கு மதிப்பு போடறவ சார். வீட்டு விஷயத்துல மூக்க நுழைக்கிற வழக்கம் எனக்கு இல்ல. ஆனா இதப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டுப் போனா நான் மனுஷியே இல்ல. நீங்களே குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்தார். ஒரு மாதமாகக் குனிந்து பழகிய முதுகு.

"கைச் சட்டம் எங்க தேயணும்? உள்ளங்கை படற எடத்துல, மேலயும் முன்னாலயும். அது தேஞ்சிருக்கு, பழசு, கறுப்பா இருக்கு. இது வேற. பாருங்க, மணிக்கட்டு வர்ற எடத்துல வளையமா பாலிஷ் போயிருக்கு. மேல, பக்கத்துல, அடியில, சுத்தி. ரெண்டு கைலயும் அதே எடத்துல. கீழ ரெண்டு முன்னங்கால்லயும் கணுக்கால் உயரத்துல அதே வளையம். பழைய தேய்மானம்னா அழுக்கு ஏறி ஓரம் மழுங்கியிருக்கும். இது வெள்ளையா இருக்கு. நாலஞ்சு மாசத்துக்குள்ள வந்தது."

"வீடு மாத்தறப்ப கட்டித் தூக்கியிருப்பாங்க."

"நாலு மாசத்துல வீடு மாத்தினீங்களா?"

அவர்கள் பதினெட்டு வருஷமாக இதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"ஒரு தடவ கட்டினா இப்படி ஆகாது சார். தினமும் கட்டணும். கட்டுப்பட்டவங்க தினமும் இழுத்து இழுத்துப் பாக்கணும்." பூதக்கண்ணாடி இடுக்கியை எடுத்து, கைச் சட்டத்தில் ஒரு சிராய்ப்பில் மாட்டியிருந்த நூலை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார். நீல நூல். வீட்டில் காணாமல் போய்விட்டது என்று மனைவி தேடிக்கொண்டிருந்த நீலக் கட்டம் போட்ட படுக்கை விரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது. பூதக்கண்ணாடி நாற்காலியைத் தலைகீழாகச் சாய்த்தார். கைச் சட்டத்தின் நுனியில், அடிப்பக்கம், நாலு நாலாகக் கீறல்கள். வெளுப்பான, ஆழமான கீறல்கள்.

"இது உளி இல்ல, ஆணி இல்ல" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "நகம். உக்கார்ற பலகைக்கு அடியில பாருங்க, கறை சொட்டி வழிஞ்சு காஞ்சு, மறுபடி வழிஞ்சு காஞ்சிருக்கு. மணிக்கணக்கா எழுந்திருக்க விடல."

மனைவி பக்கத்திலிருந்த பளபள நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரருக்கு என்ன கேட்டோம், என்ன பார்க்கிறோம் என்பது மண்டையில் ஏறவே மறுத்தது. எப்படி நடந்தார் என்று தெரியாது, அம்மாவின் அறையில் நின்றுகொண்டிருந்தார்.

நீளக்கை நைட்டி. அம்மாவுக்குக் குளிருகிறது, முழுக்கையாக வாங்கி வாருங்கள் என்று ஆயாம்மா கேட்டதும், நாலு நைட்டி நல்ல துணியில் பார்த்து வாங்கி வந்தவர் அவர்தான். இப்போது அந்தக் கையை மெல்ல மேலே ஏற்றினார். மணிக்கட்டைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே பழைய மஞ்சள் கன்றல். தோல் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது. அதன் மேல் மினுமினுவென்று பூசியிருந்த களிம்பின் வாசனை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கடையிலிருந்து போன களிம்புதான்.

அம்மாவுக்குக் கையில் கன்னிப்போயிருக்கிறது என்று ஆயாம்மா நாலு மாதத்துக்கு முன்னால் சொன்னபோது, "வயசானா தோல் மெலிஞ்சு அப்படித்தான் ஆகும்" என்று பெரிய டாக்டர் போலச் சொல்லி ஒரு ட்யூபை நீட்டினார். அதன் பிறகு இன்னும் மூன்று ட்யூப். கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட எங்கே வலி, எத்தனை நாளாக, சர்க்கரை இருக்கிறதா என்று ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் மருந்தை எடுப்பார். பெற்ற தாய்க்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. கையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆயாம்மா கதவோரம் நின்றிருந்தார். கையில் ஒரு துண்டு. முகம் வெளிறிப்போயிருந்தது.

"எத்தன நாளா?" என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"நான் அடிச்சதில்ல சார். சத்தியமா ஒரு அடி அடிச்சதில்ல."

"எத்தன நாளா கட்டி வெக்கிற?"

"ரெண்டாவது தடவ விழுந்ததுலருந்து."

அவர் போனை எடுத்தார். "போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம விட மாட்டேன். பச்சப் புள்ள மாதிரி இருக்கறவங்கள கட்டிப் போட்டிருக்கியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"கூப்பிடுங்க சார்." ஆயாம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, ஆனால் குரல் உடையவில்லை. "நான் செஞ்சது பாவம். தெரிஞ்சேதான் செஞ்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க வந்தா ஃப்ரிட்ஜ்ல ஒரு காகிதம் ஒட்டியிருக்கே, அதையும் எடுத்துக் காட்டுங்க."

எல்லோருக்கும் அந்தக் காகிதம் தெரியும். மனைவி அழகான கையெழுத்தில், நம்பர் போட்டு எழுதி ஒட்டியது. காலைச் சமையல், கடைக்கு மதியச் சாப்பாடு கட்டுவது, துணி, இஸ்திரி, பாத்திரம், கூடம் துடைப்பது, மாடி துடைப்பது, காய் வாங்குவது என்று பதினாலு வேலை. பதினாலில் ஒன்பதாவதுதான் 'அத்தைக்குச் சாப்பாடு, மாத்திரை'.

"என்னைய எதுக்கு வேலைக்கு வெச்சீங்க? அம்மாவப் பாத்துக்கன்னு வெச்சீங்க. முதல் மாசம் அதான் செஞ்சேன். அப்புறம் சமைச்சுடுன்னீங்க. சரின்னேன். துவைச்சுடுன்னீங்க. சரின்னேன். நான் அடுப்புக்கிட்ட நின்னா அம்மா எந்திரிச்சு நடக்கறாங்க. அம்மாகிட்ட நின்னா அடுப்புல தீயுது. அவங்க ரெண்டாவது தடவ விழுந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க? 'இன்னொரு தடவ விழுந்தாங்கன்னா உன்ன உள்ள தள்ளிடுவேன்'னு சொன்னீங்க. சமையலுக்கு வேற ஆளப் போடுங்க சார்னு மூணு தடவ கேட்டேன். 'பாக்கலாம்'னீங்க. எனக்கு இருக்கறது ரெண்டு கைதான் சார்."

மருந்துக்கடைக்காரர் அம்மாவின் நைட்டிக் கையை மறுபடி மணிக்கட்டு வரை இறக்கிவிட்டார்.

"சாயந்தரம் நீங்க வர்றதுக்கு முன்னாடி அவிழ்த்துக் கட்டில்ல படுக்க வெச்சுடுவேன். கடை பத்து நிமிஷ நடை. முதல் ஒரு மாசம், மதியம் என்னிக்காவது வந்துடுவீங்களோ, பாத்துடுவீங்களோன்னு பயந்து செத்தேன். பாத்துட்டா நல்லதுன்னுகூடத் தோணும். அப்புறம் பயம் விட்டுப்போச்சு. யாரும் வர மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

அந்தக் கடைசி வார்த்தை மருந்துக்கடைக்காரரின் நெஞ்சில் போய் நின்றது. போனைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. யாரைப் பிடித்துக் கொடுப்பது, எத்தனை பேரைப் பிடித்துக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"முதல்ல இவள வெளிய அனுப்புங்க" என்றாள் மனைவி, அழுதுகொண்டே.

"அனுப்பலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "கட்டிப்போட்டவங்க கையில அம்மாவ இனி ஒரு நிமிஷம் விட முடியாது. ஆனா அடுத்து வர்றவங்களுக்கும் அதே காகிதத்தத்தான் ஒட்டப் போறமா?"

மனைவி சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து, கிழிக்கவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "நான் எழுதினதுதான்" என்றாள். "அத்தைய ஒன்பதாவதா எழுதியிருக்கேன்."

மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் அம்மாவைத் தோளோடு அணைத்து, அடி மேல் அடி வைத்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அம்மா இந்த மேஜைக்கு வருகிறார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் கை வைத்த நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, இழைத்துப் பாலிஷ் போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார். பூதக்கண்ணாடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றிருந்தார்.

"மதிப்பு எழுதணுமா சார்?"

"இன்னிக்கு வேணாம் மேடம்."

அம்மா நாற்காலியின் வலது பக்கம் கையால் துழாவினார். இடது பக்கம் துழாவினார். கைச் சட்டம் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் குழம்பினார். பிறகு, தானே ஒரு வழி கண்டுபிடித்தவர் போல, இரண்டு கைகளையும் மேஜை மேல் நீட்டி, மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்து வைத்தார். மகனை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்:

"தம்பி, கொஞ்சம் மெதுவாக் கட்டுங்க. நேத்து ரொம்ப வலிச்சுது. நான் எந்திரிக்க மாட்டேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயாம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் அந்த இரண்டு கைகளின் மேலும் தன் தலையை வைத்துக்கொண்டு, வளர்ந்த ஆண்பிள்ளை என்ற வெட்கமெல்லாம் இல்லாமல், கேவிக் கேவி அழுதார். யார் இவன், ஏன் அழுகிறான் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் கட்டு இல்லாத விரல்களை மெல்ல அசைத்து அவர் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஊரெல்லாம் என்னைய நல்ல பிள்ளைன்னு சொல்லுது" என்றார், வாசலில் நின்றவரைப் பார்த்து. "ஒரு மாசமா இந்த மேஜைக்கு அடியில படுத்துக் கிடந்து ஒவ்வொரு ஆணியா தடவிப் பாத்தேன் மேடம். பத்தடி தள்ளி இருக்கற எங்கம்மா கைய ஒரு நாள் தொட்டுப் பாக்கல. சம்பளம் குடுத்து ஒரு ஆள வெச்சதோட என் கடமை முடிஞ்சுபோச்சுன்னு இருந்துட்டேன். ஆள் வைக்கலாம், தப்பில்ல. ஆனா பெத்தவங்க மேல நம்ம கண்ணும் கையும் தினமும் படணும். அது படாத வீட்ல, தங்கமான ஆள வெச்சாலும் கடைசியில இப்படித்தான் ஆகும். கட்டினது அந்தம்மா கையி. ஆனா கயித்த எடுத்துக் குடுத்தது நான்தான்."